நெடி என்று பேர் வைத்தோம்

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, புகையிலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். நர்ஸ் பார்த்தால் திட்டுவாள் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டு, திருட்டுத்தனமாக. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி இளவயசு. திண்டுக்கல் வீட்டு நடு அறையில், புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவே நிற்கிறேன். கையில் விளக்குமாறு. நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நெஞ்சு இன்றைக்கும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்காகத்தான் போயிருந்தேன். நாலைந்து நாளாக வந்து வந்து போகிறது. மகள் பயந்துபோய் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரை ஒட்டிச் சோதனை எடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடுவார், வெளியே இருங்கள் என்றார்கள். கூப்பிடுகிறவரை உங்களோடுதான் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதையே எழுதுகிறேன்.

நீங்கள் அந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் ஊர் சந்தேகப்படும். நாம் ஊருக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. உங்கள் வாய் அப்படி. நான் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, "உங்க ஊருல உப்பு வெல கூடவோ?" என்று கேட்டவர் நீங்கள். நான் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கம்பும் கடலையும் தெரியும், புகையிலை தெரியாது. இந்த வீட்டிலோ அண்ணன் தம்பி இருவருக்கும் புகையிலைதான் பிழைப்பு. வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் இலை வாங்கி, தரம் பிரித்து, சிப்பம் கட்டி, சுருட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். சிப்பங்கள் நடு அறையில் கூரை முட்ட அடுக்கியிருக்கும்.

அந்த அறைக்குள் நீங்கள் காலே வைக்க மாட்டீர்கள். "எனக்கு நெடி ஆகாது" என்பீர்கள். அதனால் அதைக் கூட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. உங்களுக்கு ஆகாதவை இன்னும் இருந்தன. பஸ் ஆகாது, பெட்ரோல் வாடைக்கு வாந்தி வரும் என்பீர்கள். கல்யாண வீட்டில் வாசலை ஒட்டித்தான் உட்காருவீர்கள். கோயிலுக்குக் கூட்டம் வடிந்த பிறகுதான் போவீர்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கையில் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர். மூத்த மருமகள் என்ற மிதப்பு என்று நான் உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதல்முதல் வந்தது அந்த அறையில்தான். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். சிப்பங்களுக்கு நடுவில் கூட்டிக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. யாரும் துரத்தவில்லை, எதையும் பார்த்துப் பயப்படவில்லை. மூச்சை இழுக்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டுகிறது. எதிரே இருக்கும் சுவர் சுவராகவே தெரியவில்லை. என் கை யாருடைய கையோ போல இருக்கிறது. இதோ சாகப்போகிறேன், பிள்ளை தவழ்ந்து வந்து என் பிணத்தைத் தொடப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வீட்டில் யாரும் பதறவில்லை. புகையிலை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும், குமட்டும், வியர்த்துக் கொட்டும். நாலு நாளில் பழகிவிடும். அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. "நெடி ஏறிருச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, மோர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. பேர் தெரிந்த வியாதி பாதி வியாதிதானே.

ஆனால் பழகவில்லை. மறுபடி வந்தது, மறுபடி வந்தது. உங்கள் வீட்டுக்காரர் கோபக்காரர், ஆனாலும் மனசில்லாதவர் இல்லை. தெருக்கோடியில் ஒரு கொட்டகை பிடித்து, சிப்பங்களையெல்லாம் அங்கே மாற்றினார். நடு அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். "இந்த வீட்டுக்கு ரெண்டு மருமக்கமாரும் நெடி ஆகாதவளுகளா வாச்சிருக்காளுக. இனிமே நிம்மதியா இருங்க" என்றார். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. சிப்பம் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

புகையிலை போன பிறகும் அது போகவில்லை. மாசித் திருவிழாக் கூட்டத்தில், பூவும் வேப்பிலையும் தவிர வேறு வாசனையே இல்லாத இடத்தில் வந்தது. பிறகு அடுப்படியில் வந்தது. குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது வந்தது. வந்து போவது ஒரு செத்த நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது வந்துவிடுமோ என்று காத்திருப்பதுதான் வியாதி. வந்த இடத்துக்கெல்லாம் மறுபடி போகப் பயம். குழாய்க்குப் போகாமல் இருந்தேன், பிறகு கோயிலுக்கு, பிறகு வாசலுக்கு. கடைசியில் பின்கட்டும் அடுப்படியும்தான் என் உலகம் என்று ஆனது. ராத்திரி படுத்தால் காதுக்குள் என் நாடி துடிக்கிறது. அதை எண்ண ஆரம்பித்தால் அது வேகம் பிடிக்கும்.

டாக்டரிடம் காட்டினார்கள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பேகம்பூர் பள்ளிவாசலுக்குச் சாயங்காலத் தொழுகை முடியும் நேரம் கூட்டிப் போனார்கள். பயந்த குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வாசலில் நிற்க, தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அந்த வரிசையில் குழந்தை இல்லாமல், நானே குழந்தையாக நின்றேன். என் தலைமேல் ஊதிய பெரியவர், "ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். அன்று ராத்திரி தூங்கினேன். மறுநாள் மத்தியானம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சின் தொனி மாறியது. நெடி என்றால் சிரித்தார்கள். நெடி இல்லை என்று ஆனதும் குரலைத் தணித்தார்கள். பித்து என்ற சொல் ஒருநாள் கதவிடுக்கு வழியாக என் காதில் விழுந்தது. கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும், பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் முடிவு சொன்னார். "புள்ளையத் தூக்கி வச்சிருக்கும்போது அது வந்துட்டா?" என்று கேட்டார். அதே பயம் எனக்கும் இருந்ததுதான் கொடுமை. அப்படிப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போனால் என் பிள்ளை என்னை மறந்துவிடும். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தெரியாத என் வீட்டுக்காரர் என்னை அழைக்க வரமாட்டார்.

என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக எங்கள் அய்யா வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் குதிரை வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வழியனுப்ப நீங்களும் வந்தீர்கள். மடியில் சொம்பை வைத்துக்கொண்டு. அய்யா என் தகரப் பெட்டியை பஸ்ஸுக்குள் வைத்தார். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். கீழே என் வீட்டுக்காரர் தோளில் பாப்பா. என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுகிறாள். எனக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர ஆரம்பித்தது.

அப்போது நீங்கள் படியேறினீர்கள். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பஸ்ஸில் கால் வைக்காத நீங்கள்.

"நகந்து உக்காரு" என்றீர்கள்.

"நீங்க எங்கக்கா வாரீங்க?"

கீழே நின்ற உங்கள் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். "என்ன இது? எறங்கு. ஒனக்குத்தான் பஸ்ஸு ஆகாதே."

"பஸ்ஸு ஆகாதுன்னு நான் சொன்னது பொய். நெடி ஆகாதுன்னதும் பொய். இவளுக்கு வாரதுதான் எனக்கும் வருது. இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து வருது. இம்புட்டு வருசமா மறச்சு வச்சிருந்தேன். அனுப்புறதுன்னா ரெண்டு பேத்தையும் அனுப்புங்க."

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரே அறிந்த வியாபாரி, நடு பஸ் ஸ்டாண்டில் பெண்டாட்டி இப்படிப் பேசினால் என்ன செய்வார் பாவம். "அப்ப இத்தன நாளும் நீ எப்படி..." என்று இழுத்தார்.

"சோறாக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தீக. ரெண்டு புள்ளய வளத்தேன். எதும் கொறஞ்சு போச்சா?"

கண்டக்டர் வந்தார். "இந்தாம்மா, ஏறுறதா எறங்குறதா? நேரமாகுது."

"செத்த நேரம் இருங்கண்ணே. அவுக சொல்லட்டும். நாங்க ரெண்டு பேரும் போயிட்டா மத்தியானம் வெஞ்சனம் யாரு வைப்பாகன்னு அவுகளே ரோசிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அய்யாதான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, கீழே நின்ற மருமகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, பெட்டிய எறக்கவா?"

என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். பிறகு தோளில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். "எறக்குங்க மாமா" என்றார். அவர் அண்ணனைக் கேட்காமல் சொன்ன முதல் சொல் அதுதான்.

இதெல்லாம் வெளியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. உங்களை அன்றைக்கு அந்தத் தெருவே துணிச்சல்காரி என்றது. எனக்கு மட்டும் வேறொன்று தெரியும். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்கள் கை முந்தானைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்தது. ஐஸாகக் குளிர்ந்து, நனைந்து, என் கையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு அப்போது வந்துவிட்டிருந்தது. வந்த நிலையிலேயே அவ்வளவும் பேசினீர்கள்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். உங்களுக்கும் முதலில் வந்தது புகையிலை அறையில்தானாம். நெடி என்று அவர்களே பேர் வைத்தார்கள். நெடி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தபோது அந்தப் பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். நெடி என்றால் யாரும் பித்து என்று சொல்ல மாட்டார்கள். சிப்பங்களைக் கொட்டகைக்கு மாற்றியபோது உங்கள் மறைவிடத்தைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன் அன்று சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"அது என்னதுக்கா? செத்துருவோமா?" என்று கேட்டேன்.

"என்னதுன்னு எனக்கென்னடி தெரியும்? ஒவ்வொரு தடவையும் செத்தேன்னுதான் நெனைக்கிறேன். இன்னும் ஒனக்குக் கொழம்பு வைக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது வந்துட்டுப் போகும் சின்னவளே. நம்மதான் எந்திரிச்சு ஓடக்கூடாது. ஓடுனா அது பின்னாலயே வருது."

நமக்கு அது குணமாகிவிடவில்லை. ஆனால் ஒளிக்க வேண்டியதில்லை என்று ஆனதும் பாதி பாரம் இறங்கியது. குழாயடிக்குச் சேர்ந்து போனோம். எனக்கு வந்தால் நீங்கள் குடத்தைப் பிடிப்பீர்கள். உங்களுக்கு வந்தால் நான் வரிசையில் வம்பு பேசி ஆட்களின் கவனத்தைத் திருப்புவேன். ஒரு வேடிக்கை, நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்ததே இல்லை. அந்த பஸ் ஸ்டாண்டைத் தவிர. பிறகு உங்களுக்கு ஒரு வீம்பு வந்தது. ஒரு வேலையும் இல்லாமல் சாணார்பட்டிவரை பஸ்ஸில் போய், இறங்கி, ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். வீட்டில் கேட்டால் கத்தரிக்காய் அங்கே மலிவு என்போம். முதல் தடவை இரண்டு பேரும் கம்பியைப் பிடித்த பிடியில் கை கன்றிப்போனது. போகப்போக ஜன்னல் வழியாக வெள்ளாமையைப் பார்க்க முடிந்தது. சிரிக்கக்கூட முடிந்தது. தெரியாத்தனமாக நாம் செய்துகொண்ட அதுதான் இதற்கான வைத்தியத்தில் ஒரு பகுதி என்று இன்றைக்கு டாக்டர் சொன்னார். கத்தரிக்காய்க் கதையை அவரிடம் நான் சொல்லவில்லை.

என் தம்பி பிள்ளைக்குக் காது குத்து என்று அய்யா சொல்லிவிட்டபோது, நான் தனியாகவே போய் வருகிறேன் என்றேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். அதனால் அவளை உங்களிடம் விட்டுப் போனேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் கிளம்புகிற நேரம் உங்கள் சொம்பை ஜன்னல் வழியாக நீட்டினீர்கள். "இந்தா, நீ வச்சுக்க. எனக்கு எதுக்கு, வீட்டுலதானே கெடக்கேன்." வழியில் எனக்கு அது வரவே இல்லை. திரும்பி வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்தச் சந்தோஷத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

மறுநாள் ஆள் வந்தது.

மத்தியானம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தீர்களாம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாகப் பார்த்து, ஏன் இப்படி வேர்க்குது, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டிருக்கிறாள். "வேணாம். எனக்கு வழக்கமா வாரதுதான். வந்துட்டுப் போகும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் உலையைப் பார்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது நீங்கள் சாய்ந்திருந்தீர்கள். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அக்கா, உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நடு பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் பேசத் தெரிந்த உங்களுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுக்கத் தெரியாமல் போய்விட்டதா? அன்றிலிருந்து எனக்கு அது வரும்போதெல்லாம் உங்கள் வார்த்தையைச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வார்த்தையே என்னைப் பயமுறுத்துகிறது. இது வந்துவிட்டுப் போகிற அதுவா, உங்களைக் கொண்டுபோன அதுவா? இத்தனை காலமும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி நேரத்தில் உங்களுக்காவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்கத் தோன்றும். தெரியாமலே போயிருந்தால் நல்லது என்றும் தோன்றும்.

இன்றைக்கு டாக்டர் கூப்பிட்டார். என் மகளைவிடச் சின்னவர். சோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லா இருக்கும்மா. இது பதற்றக் கோளாறு. மூளை ஆபத்து இல்லாத நேரத்துல ஆபத்துன்னு மணியடிக்குது, ஒடம்பு அத நம்பி ஓடத் தயாராகுது. படபடப்பு, மூச்சு முட்டல், வெரல் மரத்துப்போறது எல்லாம் அதனாலதான். நெறையப் பேருக்கு இருக்கு. பேசிக் குணப்படுத்துற வைத்தியம் இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு" என்றார்.

நான் உங்களுக்காகத்தான் கேட்டேன். "எது அது, எது இருதயம்னு அனுபவிக்கிறவளுக்குப் பிரிச்சுத் தெரியுமா சார்?"

"சொல்ல முடியாதும்மா. சில நேரம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். எங்களுக்கே சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதனால வழக்கத்துக்கு மாறா ஏதாவது இருந்தா, சந்தேகமா இருந்தா, ஒடனே வந்துருங்க. ஒண்ணுமில்லன்னு நாங்க சொன்னா அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

அப்படியென்றால் நீங்கள் ஏமாந்துபோகவில்லை. அதை உள்ளே இருந்து அனுபவிக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இதைக் கேட்க எனக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்தது. கண் நிறைந்துவிட்டது. மகள் என் மடியில் இருந்த சொம்பை வாங்கித் தண்ணீரை நீட்டினாள். அதே சொம்புதான். அடியில் ஒடுக்கு விழுந்துவிட்டது. எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்திருக்காம்மா?"

"எங்க அக்காவுக்கு இருந்துச்சு."

"கூடப் பொறந்தவங்களா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வீட்டுக்குத் தலைப்பிள்ளை, எனக்கு மூத்தவர் யாருமே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன்.

அவள் சொம்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.